அருமண் சேர்மங்களில் காந்த ஒழுங்கு

காந்தம் இரும்பைக் கவரும் என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் காந்த ஒழுங்கு உடைய பொருள்கள் எல்லாம் இரும்பைக் கவர்வதில்லை. சில பொருள்களின் உள்ளே கோடானுகோடி அணுக் காந்தங்கள் முறைப்படி அணிவகுத்து நிற்கின்றன. எனினும், அவை ஒன்றையொன்று ஈடுசெய்து கொள்வதால் வெளியே எவ்வித ஈர்ப்பும் தென்படுவதில்லை. இத்தகைய பொருளின் அருகே திசைகாட்டியைக் கொண்டு சென்றால் அதன் முள் அசையாது. அவ்வாறிருக்க, உள்ளே ஓர் ஒழுங்கு உண்டென்பதையும், அவ்வொழுங்கு இன்ன வகையினது என்பதையும் விஞ்ஞானிகள் எங்ஙனம் அறிகின்றனர்?

இவ்வினாவுக்கு நியூட்ரான் கதிர்கள் விடையளிக்கின்றன. பல பொருள்களில் அவ்விடை ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகக் கிடைக்கிறது. ஆயினும் அருமண் தனிமங்களின் சில சேர்மங்களில் கதிர்கள் தரும் சான்று ஒன்றாகவும், அதற்குப் பொருந்தும் விடைகள் பலவாகவும் அமைந்து விடுகின்றன. கடோலினியம் டைட்டனேட் என்னும் சேர்மம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் காந்த அமைப்பைப் பற்றி 2001-ஆம் ஆண்டில் ஒரு முடிவும், 2004-இல் வேறொரு முடிவும், 2021-இல் மூன்றாவது முடிவும் வெளியிடப்பட்டன. இம்முடிவுகள் ஏன் மாறின என்பதை ஆராய்ந்தால், விளிம்பு விளைவு என்னும் ஆராய்ச்சி முறையின் ஆற்றலும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

அணுக் காந்தங்களும் அவற்றின் ஒழுங்கும்

அணுவிலுள்ள எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தம் போல் இயங்குகிறது. பெரும்பாலான அணுக்களில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து ஒன்றன் காந்தத் தன்மையை மற்றொன்று அழித்து விடுகின்றன. இணை சேராத எலெக்ட்ரான்கள் உள்ள அணுவே ஓர் அணுக் காந்தமாக விளங்குகிறது. இரும்பு, மாங்கனீசு முதலியவற்றின் அணுக்களும், அருமண் தனிமங்கள் பலவற்றின் அணுக்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

அண்டையிலுள்ள அணுக் காந்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று செல்வாக்குச் செலுத்துகின்றன. வெப்பமோ அவற்றைத் தாறுமாறாக அசைத்துக் கொண்டே இருக்கிறது. உஷ்ணநிலை உயர்ந்திருக்கும்போது வெப்பத்தின் கை ஓங்கியிருக்கும். அணுக் காந்தங்கள் கணத்துக்குக் கணம் திசை மாறிக்கொண்டிருக்கும். பொருளைக் குளிர்வித்துக்கொண்டே சென்றால் ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலையில் அவற்றிடையேயுள்ள இணைப்பு விசை வெற்றி பெறுகிறது. காந்தங்கள் ஒழுங்கில் உறைகின்றன. அவை யாவும் ஒரே திசையில் நின்றால் அப்பொருள் இரும்பைப் போன்ற காந்தமாகிறது. அண்டையிலுள்ளவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நின்றால் மொத்தக் காந்தம் சுழியாகிறது. இந்த இரண்டாம் வகைப் பொருள்கள் உண்டு என்னும் கருத்தை 1930-களில் வளர்த்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி நீல். இவ்வகை ஒழுங்கு எதிர்க்காந்த ஒழுங்கு எனப்படும். நீலின் பணிக்காக அவருக்கு 1970-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நீலின் கருத்து அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றியது. பொருளின் வெப்ப ஏற்புத் திறனில் காணும் திடீர் மாறுதல் போன்ற மறைமுகச் சான்றுகளும் இருந்தன. ஆனால் எந்த அணு எத்திசையை நோக்கி நிற்கிறது என்று நேராகக் காட்டும் சான்று அப்பொழுது இல்லை.

நியூட்ரான் தந்த சான்று

படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக, சமமான இடைவெளிகளில் அமைந்துள்ளன. அவ்விடைவெளி சில ஆங்ஸ்ட்ராம் அளவினது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு. இந்த இடைவெளிக்கு ஏறத்தாழச் சமமான அலைநீளமுள்ள கதிரைப் படிகத்தின்மீது செலுத்தினால், அடுக்குகளிலிருந்து சிதறும் அலைகள் சில கோணங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஏனைய கோணங்களில் ஒன்றையொன்று அழித்துக் கொள்கின்றன. இதுவே படிக விளிம்பு விளைவு. வலுப்பெற்ற கதிர், பதிவுக் கருவி வரையும் கோட்டில் ஒரு முகடாகத் தோன்றும். முகடு தோன்றும் கோணத்தைக் கொண்டு அடுக்குகளின் இடைவெளியைக் கணக்கிடும் விதியை 1913-ஆம் ஆண்டில் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ்-கதிர்களின் துணையால் பயன்படுத்தத் தொடங்கினர்.

எக்ஸ்-கதிர்களைச் சிதறச் செய்வது முதன்மையாக எலெக்ட்ரான்களின் மின்னேற்றமே. எனவே அவை அணுக்கள் இருக்கும் இடத்தை நன்கு காட்டும். அணுக் காந்தங்களின் திசையைக் காட்டுவது சாதாரண நிலையில் மிக அரிது. 1932-இல் சாட்விக் கண்டுபிடித்த நியூட்ரான் இதற்கு ஏற்ற கருவியாக அமைந்தது. அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆகவே பொருளின் உள்ளே ஆழமாகப் புகும். அதுவும் ஒரு நுண்காந்தமே. ஆகவே அணுக் காந்தங்களால் சிதறடிக்கப்படும். அணு உலையினின்று வெளிவந்து, அறையின் உஷ்ணநிலைக்குத் தணிந்த நியூட்ரான் விநாடிக்குச் சுமார் 2,200 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் அலைநீளம் 1.8 ஆங்ஸ்ட்ராம். படிக இடைவெளிகளை அளக்க இதனினும் பொருத்தமான அளவுகோல் வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஷல், ஸ்மார்ட் என்னும் இருவர் 1949-இல் மாங்கனீசு ஆக்ஸைடுத் தூளை இம்முறையில் பரிசோதித்தனர். அறையின் உஷ்ணநிலையில் அணுக்களின் இடத்துக்குரிய முகடுகளே தோன்றின. 80 கெல்வின் உஷ்ணநிலைக்குக் குளிர்வித்தபோது, அதுவரை ஒன்றும் இல்லாதிருந்த கோணங்களில் புதிய முகடுகள் எழுந்தன. அவற்றின் கோணங்களைக் கணக்கிட்டதில், படிகத்தில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வரும் தூரம் இரு மடங்காகியிருப்பது தெரியவந்தது. அணுக்கள் இடம் பெயரவில்லை. அடுத்தடுத்த அடுக்குகளில் காந்தங்கள் எதிரெதிராக நிற்பதால், ஓர் அடுக்கை முழுமையாக ஒத்த அடுக்கு ஒன்றுவிட்டு ஒன்றாகவே வருகிறது. நீல் கூறிய ஒழுங்கு இவ்வாறு நேரடிச் சான்று பெற்றது. நியூட்ரான் விளிம்பு விளைவு முறையை வளர்த்தமைக்காக ஷல், 1994-ஆம் ஆண்டின் நோபல் பரிசைக் கனடா நாட்டு அறிஞர் பிராக்ஹவுஸுடன் பகிர்ந்து கொண்டார்.

இங்கு ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். இம்முறை நிழற்படம் எடுப்பது போன்றதன்று. பதிவாவது முகடுகளின் கோணமும் செறிவும் மட்டுமே; அலைகள் எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தன என்னும் செய்தி இழக்கப்பட்டு விடுகிறது. எனவே ஆராய்ச்சியாளர் ஓர் அமைப்பை முதலில் கற்பித்துக் கொண்டு, அவ்வமைப்பு எத்தகைய முகடுகளைத் தரும் என்று கணக்கிட்டு, அதைப் பரிசோதனையுடன் ஒப்பிடுகிறார். நெதர்லாந்து நாட்டு அறிஞர் ரீட்வெல்டு 1969-இல் வெளியிட்ட கணக்கு முறை இவ்வொப்பீட்டை மிகவும் நுட்பமாக்கியது. கணக்கும் பரிசோதனையும் பொருந்தினால் கற்பித்த அமைப்பு ஏற்கத்தக்கதாகிறது. ஆனால் அது ஒன்றுதான் பொருந்தும் என்பதற்கு அப்பொருத்தம் மட்டுமே உறுதியாகாது.

ஈடேறாமை

சில பொருள்களில் அணுக்களின் இட அமைப்பே காந்த ஒழுங்குக்குத் தடையாக நிற்கிறது. ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் மூன்று அணுக் காந்தங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவை மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ மட்டும் நிற்க முடியும். ஒவ்வொன்றும் ஏனைய இரண்டுக்கும் எதிராக நிற்க முயல்கிறது. முதலாவது மேல் நோக்கினால் இரண்டாவது கீழ் நோக்கும். மூன்றாவது என்ன செய்யும்? எப்பக்கம் திரும்பினாலும் இருவரில் ஒருவருடன் அது ஒத்துப்போக நேரிடும். எல்லா இணைகளின் விருப்பமும் ஒருங்கே நிறைவேறுவது இயலாது. இத்தகைய முக்கோண அமைப்பில் தனிச்சுழி உஷ்ணநிலையிலும் ஒழுங்கு ஏற்படாது என்பதை 1950-இல் வானியர் கணித முறையில் நிறுவினார். இந்நிலையைக் குறிக்க 1977-இல் பிரெஞ்சு அறிஞர் துலூஸ் கையாண்ட சொல்லுக்கு ஈடேறாமை என்பது ஏற்ற தமிழாகும்.

முக்கோணத்தினும் கடுமையான தடை நான்முகியில் ஏற்படுகிறது. நான்கு முக்கோண முகங்களையும் நான்கு மூலைகளையும் உடைய வடிவம் நான்முகி. பைரோக்ளோர் வகைப் படிகங்களில் காந்த அணுக்கள் இத்தகைய நான்முகிகளின் மூலைகளில் அமைந்துள்ளன. ஒவ்வொரு மூலையும் இரண்டு நான்முகிகளுக்குப் பொதுவானது. காந்தங்கள் எத்திசையிலும் திரும்பக்கூடியனவாயின், ஒரு நான்முகியின் நான்கு காந்தங்களையும் கூட்டினால் சுழி வரவேண்டும் என்பதே இணைப்பு விசை விதிக்கும் ஒரே நிபந்தனை. அந்நிபந்தனையை எண்ணற்ற வழிகளில் நிறைவேற்றலாம். ஆகவே வலிமை மிக்க விசை எந்த ஓர் அமைப்பையும் தேர்ந்தெடுப்பதில்லை. தீர்ப்பு வழங்கும் பொறுப்பு, சாதாரணப் பொருள்களில் பொருட்படுத்தப்படாத வலுக்குன்றிய விசைகளின் கைக்குச் சென்று விடுகிறது. இப்பொருள்களின் காந்த ஒழுங்கை அறிவதன் பயன் இங்குதான் உள்ளது. வேறெங்கும் மறைந்து கிடக்கும் நுண்விசைகளின் இயல்பை இவ்வொழுங்கு வெளிப்படுத்துகிறது.

பைரோக்ளோர் படிகங்களில் காந்த அணுவின் இடத்தைப் பெரும்பாலும் அருமண் தனிமங்கள் வகிக்கின்றன. அருமண் தனிமங்கள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. கேரளத்தின் சவரை, தமிழ்நாட்டின் மணவாளக்குறிச்சி ஆகிய இடங்களின் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டு என்னும் கனிமம் அவற்றின் இருப்பிடமாகும். இத்தனிமங்கள் ரசாயனக் குணங்களில் ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. காந்தக் குணங்களில் பெரிதும் வேறுபட்டவை. எனவே படிகத்தின் வடிவத்தை மாற்றாமல், ஓர் அருமண் அணுவின் இடத்தில் மற்றொன்றை வைத்துக் காந்த விளைவுகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

கடோலினியம் டைட்டனேட்

கடோலினியம் டைட்டனேட்டின் ஒரு மூலக்கூற்று அளவில் கடோலினியம் 2, டைட்டானியம் 2, ஆக்ஸிஜன் 7 என்னும் விகிதத்தில் அணுக்கள் உள்ளன. இதில் காந்த அணு கடோலினியம் ஒன்றே. அதன் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் 7. அணுக் காந்தத்தின் அளவு ஏறத்தாழ 7 போர் மாக்னெட்டான். அதன் எலெக்ட்ரான் மேகம் கோள வடிவானது. ஆகவே அதன் காந்தம் எந்தக் குறிப்பிட்ட திசையையும் பெரிதாக விரும்புவதில்லை. நான்முகிகளில் ஏற்படும் ஈடேறாமையைத் தூய வடிவில் ஆராய இதுவே தகுந்த பொருள் என்று கருதப்பட்டது.

தனிக் கடோலினிய உலோகம் அறையின் உஷ்ணநிலையை ஒட்டியே, அதாவது சுமார் 20 டிகிரி சென்டிகிரேடில், இரும்பைப் போன்ற காந்தமாகி விடுகிறது. டைட்டனேட்டின் போக்கோ வேறு. அதன் காந்த ஏற்புத் தன்மையை அளந்தால் அணுக் காந்தங்களின் இணைப்பு விசை சுமார் 10 கெல்வின் அளவினது என்று தெரிகிறது. ஈடேறாமை இல்லையெனில் ஏறத்தாழ அந்த உஷ்ணநிலையில் ஒழுங்கு தோன்றியிருக்க வேண்டும். உண்மையில் 1 கெல்வின் வரை, அதாவது தனிச்சுழிக்கு ஒரு டிகிரி மேல் வரை, குளிர்வித்த பிறகே ஒழுங்கு தோன்றுகிறது. 1999-இல் வெளியான அளவீடுகள் இம்மாறுதலைக் காட்டின. சுமார் 0.7 கெல்வினில் இரண்டாவது மாறுதல் ஒன்றும் நிகழ்வது பின்னர்த் தெரிந்தது. ஒழுங்கு உண்டு என்பது உறுதியாயிற்று. அது எத்தகையது என்பதை நியூட்ரான்களே கூற வேண்டும்.

நியூட்ரானை விழுங்கும் அணு

இங்கு ஓர் எதிர்பாராத இடையூறு குறுக்கிட்டது. நியூட்ரான்களை விழுங்குவதில் கடோலினியத்திற்கு நிகரான தனிமம் வேறில்லை. நியூட்ரானை உறிஞ்சும் திறனைப் பார்ன் என்னும் அலகினால் அளப்பர். டைட்டானியத்தின் திறன் சுமார் 6 பார்ன். இயற்கைக் கடோலினியத்தின் திறனோ சுமார் 49,000 பார்னுக்கும் மேல். 0.05 மில்லிமீட்டர் கனமுள்ள கடோலினியத் தகடு, தணிந்த நியூட்ரான்கள் ஏறக்குறைய யாவற்றையும் தடுத்து விடும். இக்குணம் பற்றியே அணு உலைகளில் மிகுதியான நியூட்ரான்களை நீக்குவதற்குக் கடோலினியம் பயன்படுகிறது. உலைக்கு உதவும் இந்தக் குணம் ஆராய்ச்சிக்குத் தடையாயிற்று. உள்ளே சென்ற கதிர் சிதறி வெளிவருவதற்குள் மறைந்து விடும்.

இதற்கு வழி ஐசோடோப்புகளால் கிடைத்தது. ஒரே தனிமத்தின் அணுக்களில் நிறையால் வேறுபட்டவை ஐசோடோப்புகள் எனப்படும். கடோலினியத்தில் நியூட்ரான்களை விழுங்குபவை 155, 157 என்னும் நிறையெண்களையுடைய இரண்டு ஐசோடோப்புகளே. 157-ஆம் ஐசோடோப்பின் திறன் 2.5 லட்சம் பார்னையும் தாண்டும். 160-ஆம் ஐசோடோப்பின் திறனோ ஒரு பார்னுக்கும் குறைவு. ஐசோடோப்புகளிடையே எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையில் வேற்றுமை இல்லாமையால் அணுக் காந்தமும் மாறுவதில்லை. எனவே 160-ஆம் ஐசோடோப்பைப் பிரித்தெடுத்து, அதைக் கொண்டு டைட்டனேட்டைத் தயாரித்தால் தடை நீங்கும். ஆயினும் இப்பிரிப்பு மிகுந்த கவனத்தை வேண்டுவது. 157-ஆம் ஐசோடோப்பு நூற்றில் ஒரு பங்கு கலந்திருந்தாலும், கலவையின் சராசரித் திறன் 2,500 பார்னுக்கு மேல் உயர்ந்து விடும்.

நாலில் ஒரு பங்கின் புதிர்

இவ்வாறு தயாரித்த தூளை 0.05 கெல்வின் வரை குளிர்வித்துச் செய்த பரிசோதனையின் முடிவைச் சாம்பியன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்டனர். புதிய முகடுகள் தெளிவாகத் தோன்றின. மாங்கனீசு ஆக்ஸைடைப் போலவே இங்கும், அமைப்பு திரும்ப வரும் தூரம் இரு மடங்காகியிருந்தது. படிகத்தின் அடிப்படைக் கனசதுரத்தின் பக்கம் சுமார் 10.2 ஆங்ஸ்ட்ராம்; காந்த அமைப்புக்குரிய கனசதுரத்தின் பக்கம் சுமார் 20.4 ஆங்ஸ்ட்ராம்.

அவர்கள் கண்ட அமைப்பைப் பின்வருமாறு விளக்கலாம். கனசதுரத்தின் ஒரு மூலைவிட்டத்திற்குச் செங்குத்தாகப் பார்த்தால், கடோலினிய அணுக்கள் இருவகை அடுக்குகளாக மாறி மாறி அமைந்துள்ளன. முதல் வகை அடுக்கில் அணுக்கள் நெருக்கமாக, மூங்கில் கூடையின் கண்களைப் போன்ற பின்னலில் உள்ளன. மொத்த அணுக்களில் நாலில் மூன்று பங்கு இவ்வடுக்குகளில் அடங்கும். எஞ்சிய நாலில் ஒரு பங்கு, அவற்றுக்கு இடைப்பட்ட அடுக்குகளில் தொலைவுபட நிற்கிறது. கூடைப் பின்னல் அடுக்குகளின் காந்தங்கள் ஒழுங்குபட்டு நிற்கின்றன; அடுத்த கூடைப் பின்னல் அடுக்கில் அவ்வொழுங்கு நேர் எதிராகத் திரும்புகிறது. இடையிலுள்ள அணுவை மேலடுக்கு ஒரு பக்கமும் கீழடுக்கு எதிர்ப்பக்கமும் திருப்ப முயல்வதால், இரண்டின் செல்வாக்கும் அடிபட்டு, அவ்வணு எத்திசையையும் சாராமல் நிற்கிறது. ஒரே படிகத்தில் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் அருகருகே வாழ்கின்றன என்னும் இம்முடிவு ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது.

ஒரு பதிவு, பல விடைகள்

கனசதுரத்திற்கு மூலைவிட்டங்கள் நான்கு. காந்த ஒழுங்கு அவற்றுள் ஒன்றை மட்டும் தழுவி அமையலாம். அதை ஓரலை அமைப்பு எனலாம். அவ்வாறன்றி நான்கு மூலைவிட்டங்களையும் தழுவிய நான்கு அலைகள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் அமையலாம். அது நாலலை அமைப்பு. இரண்டு அலைகள் படிந்த ஈரலை அமைப்பும், மூன்று படிந்த மூவலை அமைப்பும் அவ்வாறே நிகழக்கூடியவை. அணுக்களின் திசைகள் இவற்றில் வெவ்வேறானவை.

ஆனால் தூளினின்று கிடைக்கும் முகடுகள் இவ்வமைப்புகளுக்கு வேறுபடுவதில்லை. தூளில் கோடிக்கணக்கான மணிகள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒரு மணியின் உள்ளேயும் ஒரு பகுதி ஒரு மூலைவிட்டத்தையும் மற்றொரு பகுதி வேறொன்றையும் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஒரு மூட்டையில் நெடுக்குக் கோடு போட்ட துணிகளும் குறுக்குக் கோடு போட்ட துணிகளும் சம அளவில் உள்ளன. மற்றொரு மூட்டையில் கட்டம் போட்ட துணிகள் உள்ளன என்று கொள்வோம். மூட்டையைப் பிரிக்காமல், நெடுக்குக் கோடுகள் எத்தனை, குறுக்குக் கோடுகள் எத்தனை என்னும் மொத்தக் கணக்கு மட்டும் ஒருவருக்குத் தரப்படுகிறது. அக்கணக்கு இரண்டு மூட்டைகளுக்கும் ஒன்றாக இருக்குமானால், உள்ளே இருப்பது கோட்டுத் துணியா, கட்டத் துணியா என்று அவரால் கூற இயலாது. நியூட்ரான் முகடுகள் தருவது இத்தகைய மொத்தக் கணக்கேயாகும்.

2004-இல் ஸ்டூவர்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இச்சிக்கலை வேறொரு வழியில் அணுகினர். முகடுகளை விடுத்து, அவற்றுக்கு இடைப்பட்ட தாழ்ந்த பின்னணியை அவர்கள் ஆராய்ந்தனர். முகடுகள் ஒழுங்குபட்ட காந்தங்களின் குரல். ஒழுங்குபடாத காந்தங்கள் சிதறச் செய்யும் நியூட்ரான்கள் ஒரு கோணத்தில் குவியாமல், எல்லாக் கோணங்களிலும் மங்கலாகப் பரவுகின்றன. அப்பரவலிலும் மேடு பள்ளங்கள் உண்டு. ஒழுங்குபடாத அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை அவை காட்டும். ஓரலை அமைப்பில் ஒழுங்குபடாத அணுக்கள் தனித்தனி அடுக்குகளில் நிற்பதால், அவற்றிடையே மிகக் குறைந்த தூரம் சுமார் 7.2 ஆங்ஸ்ட்ராம். நாலலை அமைப்பில் அவை ஒரே நான்முகியின் மூலைகளில் கூடி நிற்பதால் அத்தூரம் 3.6 ஆங்ஸ்ட்ராம். பின்னணியின் வடிவம் 3.6 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குப் பொருந்தியது. ஆகவே அமைப்பு நாலலை வகையைச் சேர்ந்தது என்று முடிவு கூறினர். 0.7 கெல்வினுக்குக் கீழ், எஞ்சிய அணுக்களும் ஓரளவு வலுவற்ற ஒழுங்கு பெறுவதாக அவர்கள் கண்டனர்.

வழக்கமாகக் கழித்து ஒதுக்கப்படும் பின்னணியே இங்குச் சான்றாயிற்று. எனினும் இம்முடிவும் இறுதியானதாக அமையவில்லை. பாடிசன் முதலியோர் 2021-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மேலும் இருவகைச் சான்றுகளைத் திரட்டினர். முதலாவதாக, தூளுக்குப் பதிலாக ஒற்றைப் படிகத்தை எடுத்து, அதன்மீது வெளியிலிருந்து காந்தப் புலத்தைச் செலுத்தி முகடுகளை அளந்தனர். பல பகுதிகள் கலந்திருக்கும் படிகத்தில் வெளிப் புலம் சில பகுதிகளுக்கு ஆதரவாகவும் சிலவற்றுக்குப் பாதகமாகவும் அமையும். சமமாயிருந்த முகடுகள் ஏற்றத்தாழ்வு பெறும். ஏற்றத்தாழ்வின் முறையைக் கொண்டு, எத்தனை அலைகள் சேர்ந்தே நிற்கின்றன என்பதை ஊகிக்கலாம்.

இரண்டாவதாக, நியூட்ரான் சிதறும்போது இழக்கும் சக்தியையும் அளந்தனர். ஒழுங்காக நிற்கும் காந்தங்களில் ஒன்றைச் சிறிது அசைத்தால் அவ்வசைவு, நெற்கதிர்களின்மேல் காற்று ஓடுவது போல, படிகம் முழுவதும் அலையாகப் பரவும். இவ்வலைகளின் சக்தி, காந்தங்கள் நின்ற அமைப்பைப் பொறுத்தது. முகடுகளின் மொத்தக் கணக்கில் ஒன்றாகத் தோன்றும் அமைப்புகள் இவ்வசைவில் வேறுபட்டு விடுகின்றன. தூளைக் கொண்டு அளந்தாலும் இவ்வேறுபாடு மறைவதில்லை. இவ்விரு சான்றுகளும் குறைந்த உஷ்ணநிலையில் கடோலினியம் டைட்டனேட்டின் அமைப்பு ஈரலை வகையினது என்பதைக் காட்டின. ஒழுங்குபட்ட காந்தத்தின் அளவு எதிர்பார்த்ததைக் காட்டிலும் குறைந்திருப்பதும், ஒழுங்கைச் சுற்றிய அசைவுகள் மிகுந்திருப்பதும் தெரியவந்தன. ஈடேறாமையின் சுவடு ஒழுங்கு ஏற்பட்ட பின்னரும் மறையவில்லை என்பதே இதன் பொருள்.

முகடே இல்லாத பொருள்கள்

கடோலினியத்தின் இடத்தில் வேறு அருமண் தனிமத்தை வைத்தால் விளைவு முற்றிலும் மாறுகிறது. டெர்பியம் டைட்டனேட்டில் இணைப்பு விசை ஏறத்தாழ 20 கெல்வின் அளவினது என்றாலும், 0.07 கெல்வின் வரை குளிர்வித்தும் ஒழுங்குக்குரிய முகடுகள் காணப்படவில்லை என 1999-இல் அறிவிக்கப்பட்டது. ஹோல்மியம் டைட்டனேட்டைப் பற்றி 1997-இல் ஹாரிஸ், பிராம்வெல் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி மேலும் வியப்பானது. அதில் ஒவ்வொரு நான்முகியிலும் இரண்டு காந்தங்கள் உள்நோக்கியும் இரண்டு வெளிநோக்கியும் நிற்கின்றன. பனிக்கட்டியில் ஒவ்வோர் ஆக்ஸிஜன் அணுவையும் சூழும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களில் இரண்டு அருகிலும் இரண்டு சற்றுத் தொலைவிலும் இருப்பதை இது ஒத்திருப்பதால், இதைக் காந்தப் பனிக்கட்டி என்று கூறலாம். இவ்விதியைப் பின்பற்றும் அமைப்புகள் எண்ணற்றவை. ஆகவே நிலையான ஒழுங்கு உண்டாவதில்லை.

முகடு இல்லை எனில் செய்தி இல்லை என்று கருதுவது தவறு. ஹோல்மியம் டைட்டனேட்டின் ஒற்றைப் படிகத்தினின்று பரவும் சிதறலில், சில இடங்களில் குறுகி இறுகிய வடிவங்கள் தோன்றுவதை 2009-இல் வெளியான பரிசோதனைகள் காட்டின. இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்னும் விதியை நான்முகிகள் எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றுகின்றன என்பதை அவ்வடிவங்களின் கூர்மை தெரிவிக்கிறது. ஒழுங்கு இல்லாத இடத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதையும் நியூட்ரான்களே காட்டிக் கொடுக்கின்றன.

ஆராய்ச்சியின் பயன்

இவ்வாராய்ச்சிகள் உடனடிப் பயனை நோக்கி மேற்கொள்ளப்பட்டவை அல்ல. ஆயினும் இவற்றுக்கும் நடைமுறைக்கும் தொடர்பு இல்லாமலில்லை. ஈடேறாமையால் ஒழுங்கு தாமதப்படும் பொருள்கள் மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையிலும் காந்தப் புலத்துக்கு இணங்கி வெப்பத்தை ஏற்கவும் விடவும் வல்லவை. இப்பண்பைக் கொண்டு குளிர்விக்கும் கருவிகளை அமைக்கலாம். கடோலினியமும் காலியமும் சேர்ந்த கார்னெட் என்னும் ஆக்ஸைடு இத்துறையில் பெயர் பெற்றது. கடோலினியம் சல்பேட்டைப் பயன்படுத்தி 1933-இல் ஜியோக், மக்டூகல் ஆகியோர் 1 கெல்வினுக்குக் கீழான உஷ்ணநிலையை எட்டியது இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்று.

இந்தியாவில் நியூட்ரான் கதிர் ஆராய்ச்சி, 1956-இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்ஸரா அணு உலையுடன் வேரூன்றியது. 1960-இல் சைரஸ் உலை இயங்கத் தொடங்கியது. அது 2010-ஆம் ஆண்டு முடிவில் மூடப்பட்டது. 1985-இல் தொடங்கிய துருவா உலையைச் சுற்றி நியூட்ரான் விளிம்பு விளைவுக்கும் சிதறலுக்கும் உரிய கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. காந்தப் பொருள்களின் அமைப்பை அறிவது அங்கு நடைபெறும் பணிகளுள் முக்கியமானது. பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்களும் அக்கருவிகளைப் பயன்படுத்துகின்றனர்.

கடோலினியம் டைட்டனேட்டின் வரலாறு இத்துறையில் ஈடுபடுவோர்க்கு ஒரு படிப்பினையை அளிக்கிறது. 2001-இல் பதிவான முகடுகள் இன்றும் சரியானவையே. அளவீட்டில் பிழை ஒன்றும் இல்லை. மாறியது, அவற்றினின்று பெறப்பட்ட முடிவு. ஒரு கணக்கு பரிசோதனையுடன் பொருந்திவிட்டது என்பதனால் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அதே பரிசோதனையுடன் வேறு கணக்குகளும் பொருந்துமா என்று கேட்பதும், பொருந்துமாயின் அவற்றைப் பிரித்துக் காட்டக்கூடிய புதிய அளவீடு எது என்று தேடுவதும் ஆராய்ச்சியின் கடமைகளாகும். நாலில் ஒரு பங்கு அணுக்களின் திசை பற்றிய வினா இருபது ஆண்டுகளில் மூன்று விடைகளைப் பெற்றது. ஒவ்வொரு விடையும் முன்னதைக் காட்டிலும் மிகுதியான சான்றுகளைத் தன்னுள் அடக்கியிருந்தமையால், அவ்வளவுக்கு அது உண்மையை நெருங்கியதாயிற்று.